மிச்சமான மட்டன் எலும்பு, வேகவச்ச கொண்டைக்கடலை... ராத்திரி சாப்பாட்டுக்கே ஆகுற மாதிரி சூப் பண்ணலாமா?

சட்டிபானை_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நேத்து ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு சொந்தக்காரங்க வர்றதா சொல்லி ரெண்டு கிலோ மட்டன் எடுத்தாச்சு, மழைல பாதிப் பேரு வரவே இல்ல, இப்ப ஃப்ரிட்ஜ தொறந்தா ஒரே டப்பாவா நிக்குது. என்னென்ன இருக்குன்னு சொல்றேன் பாத்து ஒரு வழி சொல்லுங்க.

மஞ்சத்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது மட்டும் போட்டு குக்கர்ல வேகவச்ச கறி ஒரு அரைக்கிலோ இருக்கும், பூராம் எலும்புக்கறிதான், நெஞ்செலும்பு கழுத்தெலும்பு அந்த மாதிரி. நல்ல துண்டெல்லாம் நேத்தே காலி. அந்த வேகவச்ச தண்ணியும் ஒரு சொம்பு அளவு தனியா எடுத்து வச்சேன், அது இப்ப ஜெல்லி மாதிரி கட்டியாகி மேல வெள்ளையா கொழுப்பு படிஞ்சிருக்கு, இது கெட்டுப்போச்சா இல்ல இப்படித்தான் இருக்குமான்னே தெரியல. அது போக தேங்கா அரைச்சு வச்ச குழம்பு ஒரு கிண்ணம், அதுல நாலஞ்சு துண்டு கெடக்கு. சுண்டலுக்குன்னு ஊறவச்சு உப்பில்லாம வேகவச்ச கொண்டைக்கடலை ரெண்டு கப். டப்பால மைசூர் பருப்பு, பாசிப்பருப்பு, கொஞ்சம் கொள்ளு இருக்குதுங்க.

வீட்ல எல்லாருக்கும் சளி. ஹோட்டல்ல கார்ன்ஃப்ளவர் கரைச்சு ஊத்தி வழவழன்னு ஒரு சின்ன கப்ல தருவாங்களே அது வேண்டாம், ஒரு கிண்ணம் குடிச்சா ராத்திரிக்கு தோசை கேக்கக்கூடாது அந்த மாதிரி கெட்டியா வேணும். ஆனா ஏற்கனவே வெந்த கறிய மறுபடி போட்டு கொதிக்க விட்டா நாரு நாரா போயிடாதா? எங்க அம்மாயி வேற ஒரு தடவ சமைச்ச கறிய திரும்ப சூடு பண்ணா விசம்னு காலைல இருந்து பேசிட்டு இருக்காங்க. மூணு வயசு பாப்பாவுக்கும் குடுக்கணும், அதான் கேக்கறேன்.

நாகூர்_அடுப்பு

மொதல்ல அந்த ஜெல்லிய தப்பித்தவறி கீழ ஊத்திடாதீங்கமா, உங்க கைல இருக்கறதுலயே பெரிய சொத்து அதுதான். எலும்பு, ஜவ்வு, குருத்தெலும்புல இருக்கறது வெந்து தண்ணில இறங்குனா ஆறுனதும் அப்படித்தான் கட்டும், சூடு பண்ணா திரும்ப தண்ணியாயிடும். மேல படிஞ்ச வெள்ளக் கொழுப்ப மட்டும் கரண்டியால வழிச்சு ஒரு கிண்ணத்துல வைங்க, தூக்கிப் போட வேணாம், தாளிக்க அதுல ஒரு ஸ்பூன் போதும் எண்ணெயே தேவையில்ல. எல்லாக் கொழுப்பையும் சூப்புலயே விட்டா ஆறும்போது நாக்குல மேலண்ணத்துல பிசுபிசுன்னு ஒட்டும், ஆட்டுக்கொழுப்பு சீக்கிரமா ஒறஞ்சுக்கும்.

எங்க பக்கம் நெய்ச்சோத்துக்கு தாளிச்சா வைப்போம்ல, எலும்பும் கடலப்பருப்பும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு. அந்த முறையையே கொஞ்சம் நீர்க்க வச்சா நீங்க கேக்குற சூப்புதான். நான் வீட்ல செய்யறத சொல்றேன்.

கைய கழுவிட்டு கறிய எலும்புல இருந்து உதிர்த்து தனியா வைங்க. வெறும் எலும்ப மட்டும் குக்கர்ல போட்டு அந்த ஜெல்லித் தண்ணியும் மேல ரெண்டு மூணு தம்ளர் தண்ணியும் ஊத்தி, பத்து சின்ன வெங்காயத்த முழுசா, ஏழெட்டு பல்லு பூண்டு, ஒரு துண்டு இஞ்சி தட்டி, ஒரு பட்டை ரெண்டு கிராம்பு, அவ்வளவுதான், விசில் வந்ததும் தீய கொறச்சு ஒரு இருபது நிமிசம் விடுங்க. உப்பு போடாதீங்க, நீங்க நேத்து போட்ட உப்பே அந்தத் தண்ணில இருக்கு, வத்த வத்த அது ஏறும். அப்பறம் எலும்ப எடுத்துட்டு அந்தத் தண்ணிலயே அரை கப் மைசூர் பருப்ப கழுவிப் போட்டு வேக விடுங்க. மைசூர் பருப்புக்கு ஊற வைக்க வேண்டியதில்ல, திறந்த சட்டியிலயே கால் மணி இருபது நிமிசத்துல கரைஞ்சிடும், சூப்புக்கு கெட்டி குடுக்கறது இதுதான், மாவெல்லாம் கரைக்கவே வேணாம். இன்னும் கெட்டியா வேணும்னா வெந்த கொண்டைக்கடலைல பாதிய மிக்சில ஒரு சுத்து சுத்தி ஊத்துங்க, மீதிய முழுசா போடுங்க, கடிச்சு சாப்பிட ஏதாவது கெடைச்சாத்தான் வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும்.

பருப்பு நல்லா கரைஞ்ச பெறகுதான் தக்காளி. இத மறந்துடாதீங்க. புளிப்பு முன்னாடியே விழுந்துச்சுன்னா பருப்பும் கடலையும் தோலு விட்டுக்குடுக்காம அப்படியே நிக்கும், அதுக்கப்பறம் எவ்ளோ நேரம் கொதிச்சாலும் வேலைக்காவாது. தக்காளி ஒன்னே ஒன்னு, பொடிசா நறுக்குன சொரைக்காயோ கேரட்டோ ஒரு கைப்பிடி. அது வெந்ததும் மிளகு ஒன்றரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், கொத்தமல்லி விதை அரை ஸ்பூன் வறுத்து ஒண்ணு ரெண்டா தட்டிப் போடுங்க, பொடிச்சு வச்ச மிளகுத்தூள் வேணாம், வாசம் வேற. பாப்பாவுக்கு மொதல்லயே ஒரு கிண்ணம் எடுத்து வச்சுட்டு மிளகு போட்டுக்குங்க.

உதிர்த்து வச்ச கறி கடைசி. நீங்க பயந்தது சரிதான், வெந்த கறிய திரும்ப அரை மணி நேரம் கொதிக்க விட்டா நாராத்தான் போகும். அதனால எல்லாம் ரெடியான பெறகு போட்டு அஞ்சு நிமிசம், நல்லா தளதளன்னு கொதி வந்தா போதும், எறக்கிடலாம். வழிச்சு வச்ச கொழுப்புல ஒரு ஸ்பூன், கறிவேப்பிலை, ரெண்டு சின்ன வெங்காயம் சிவக்க தாளிச்சுக் கொட்டி, புதினா மல்லி தூவி, எலுமிச்சம்பழம் அவங்கவங்க கிண்ணத்துல பிழிஞ்சுக்கட்டும்.

லேப்கோட்டு

மேல அக்கா சொன்ன முறை சூப்பர். நான் சமையல் சொல்ல வரல, அம்மாயி சொன்ன விசத்துக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போறேன், உணவு மைக்ரோபயாலஜி படிச்சவன்ங்கற உரிமைல.

திரும்ப சூடு பண்றதால கறி விசமாகாது. ஆனா பாட்டி சொல்றதுல ஒரு அனுபவம் இருக்கு, அவங்க காலத்துல ஃப்ரிட்ஜ் கிடையாது, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வச்ச குழம்பு அடுப்பு மேலயே இருந்து மறுநாள் காலைல சூடு பண்ணுவாங்க, அதுல வயித்தால போனவங்கள பாத்திருப்பாங்க. பிரச்சனை சூடு பண்றதுல இல்ல, நடுவுல எவ்ளோ நேரம் வெளிய இருந்துச்சுங்கறதுலதான். க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒரு கிருமி இருக்கு, அதோட வித்து சமைக்கற சூட்டையும் தாங்கிக்கும், பெரிய பாத்திரத்துல கறிக்குழம்பு மெதுவா ஆறும்போது அதுக்கு கல்யாணம்தான். இன்னும் சில கிருமிங்க விட்டுட்டுப் போற நச்சு கொதிக்க வச்சாலும் போகாது, அதனால கொதிக்க வச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கறதும் தப்பு.

கணக்கு இதுதான்: சமைச்சு 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், வெயில் காலத்துல 32 டிகிரி தாண்டுற நாள்னா 1 மணி நேரம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு கீழ இருக்கணும். உள்ள வச்சா 3ல இருந்து 4 நாள் தாங்கும். எடுத்து சூடு பண்ணும்போது உள்ள வரைக்கும் 74 டிகிரி வரணும், சூப்புல அத தெர்மாமீட்டர் வச்சு பாக்க வேண்டியதில்ல, கொப்பளிச்சு கொதிச்சா தாண்டிடும். நேத்து எத்தன மணிக்கு உள்ள வச்சீங்கன்னு சொல்லவே இல்லையே? மத்தியானம் சமைச்சது ராத்திரி வரைக்கும் மேசைலயே இருந்துச்சுன்னா பாப்பாவுக்கு குடுக்காதீங்க, நீங்களும் சாப்பிடாதீங்க, அரைக்கிலோ கறிக்கு மூணு நாள் ஆஸ்பத்திரி தேவையில்ல.

சட்டிபானை_திருப்பூர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. வேகவச்ச கறியும் தண்ணியும் கடலையும் ஆறுனதும் உடனே உள்ள வச்சாச்சு, ஒரு மணி நேரம்கூட ஆகல. குழம்புதான் சாப்புட்டு முடியற வரைக்கும் மேசைல இருந்துச்சு, ஒன்னர மணி நேரம் இருக்கும். அதுவும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. அந்தக் குழம்ப என்ன பண்றது, அதையும் சூப்புலயே ஊத்திரலாமா? இல்ல துண்ட மட்டும் எடுத்து கழுவி போட்டுக்கவா?

வைகைக்கரை

கழுவியா??? குழம்புத் துண்ட கழுவுறதா? வேணாம்யா அந்தப் பாவம்.

குழம்ப அப்படியே ஊத்துங்க, ஒரு கிண்ணம்தான இருக்கு. மதுரைப் பக்கம் கறிக்குழம்புல மொச்சக்கொட்ட போட்டு வைக்கறது எல்லா வீட்லயும் உண்டு, தைப்பொங்கல் சமயத்துல பச்ச மொச்ச வரும் பாருங்க அப்ப வச்சா கறிய விட மொச்சக்குத்தான் அடிதடி. பயறும் கறியும் சேர்றது ஒண்ணும் புதுசு இல்ல. மசாலா ஏற்கனவே வதங்கி கறில ஊறி இருக்கும், அத விட ருசி எதுல வரப்போகுது? அதுக்கு மேல மிளகு மட்டும் தட்டிப் போட்டா போதும், பட்டை கிராம்புலாம் தனியா வேணாம்.

நாகூர்_அடுப்பு

தம்பி கோச்சுக்காதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க சளிக்கு சூப்பு கேக்குறாங்க, மூணு வயசுப் புள்ளைக்கும் குடுக்கணும்ங்கறாங்க. தேங்கா அரைச்ச குழம்ப ஊத்தி அத மறுபடி கொதிக்க விட்டா தேங்கா எண்ணெய் விட்டுப் பிரியும், மொளகாத்தூள் காரம் வேற, கடைசில அது சூப்பும் இல்லாம குழம்பும் இல்லாம நிக்கும். அதுவுமில்லாம ஃப்ரிட்ஜ்ல இருக்கறதுலயே அதிக நேரம் வெளிய இருந்தது அந்தக் குழம்புதான், நல்லா இருக்கற எலும்புத் தண்ணில போய் ஏன் அதக் கலக்கணும்? குழம்ப தனியா நல்லா கொதிக்க வச்சு இன்னைக்கு மத்தியானமே பெரியவங்க சாப்பிட்டு முடிச்சிடுங்க.

வைகைக்கரை

சரிக்கா பாப்பாவுக்காக விட்டுக்குடுக்கறேன் 😄 ஆனா பெரியவங்க மட்டும் குடிக்கறதா இருந்தா நான் ஊத்தத்தான் செய்வேன்.

எடிசன்_எட்டாவது_தெரு

நியூஜெர்சில இருந்து. இங்க நவம்பர் கடைசி வியாழக்கிழமை முடிஞ்சதும் (சரியா சொல்லணும்னா நாலாவது வியாழன், தேங்க்ஸ்கிவிங்) ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லார் வீட்லயும் வான்கோழி எலும்புக்கூடு ஒண்ணு நிக்கும், வெள்ளிக்கிழமை அதுல சூப்பு. கிறிஸ்துமஸ் முடிஞ்சா பன்னித்தொட எலும்பு, அதுல உடச்ச பட்டாணிப்பருப்பு போட்டு கெட்டியா கிண்டுவாங்க, கரண்டிய நட்டா நிக்கும், அந்தப் பட்டாணி சூப்பு இங்க ரொம்ப ஃபேமஸ். நாங்க அவ்ளோ தூரம் போறதில்ல, காஸ்ட்கோன்னு இங்க இருக்கற பெரிய கடைல 4.99 டாலருக்கு முழு சுட்ட கோழி விக்கும், வாரம் ஒண்ணு வீட்டுக்கு வரும், கறிய புள்ளைங்க பிரிச்சுட்டா எலும்பு என்னோடது. இன்ஸ்டன்ட் பாட்ல (கரண்ட்ல ஓடுற பிரஷர் குக்கர்) எலும்பு, வெங்காயம், இஞ்சி, மிளகு போட்டு 45 நிமிசம், வடிகட்டி அதே தண்ணில மைசூர் பருப்பும் ஒரு கைப்பிடி பாலக்கும். அந்தக் கோழில ஏற்கனவே உப்புத்தண்ணி ஏத்தி இருப்பாங்க, அதனால நாகூர் அக்கா சொன்ன மாதிரி உப்பு கடைசில நாக்குல வச்சுப் பாத்துட்டுதான்.

ஒண்ணு சேத்துக்கறேன், குக்கரோ பாட்டோ எதுவா இருந்தாலும் பருப்பு போட்டா பாதிக்கு மேல நெரப்பாதீங்க. பருப்பு நொரைச்சுக்கிட்டு மேல வந்து விசில் ஓட்டைல அடைச்சுக்கும், அது ஆபத்து, சுவத்துல மஞ்சக் கோலம் வேற. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நொரை கொஞ்சம் அடங்கும்.

புதுசா_சமைக்கிறேன்

நடுவுல ஒரு கேள்வி மன்னிக்கணும். என்கிட்ட கொண்டைக்கடலை இல்ல, ராஜ்மா இருக்கு. ஹாஸ்டல்ல குக்கர் கிடையாது, ஸ்லோ குக்கர் ஒண்ணு இருக்கு. ராஜ்மாவ ஊற வச்சு சிக்கன் எலும்போட அதுல போட்டு காலைல வச்சுட்டு காலேஜ் போயிட்டு சாயங்காலம் வந்தா சூப் ரெடியா இருக்குமா?

லேப்கோட்டு

அய்யோ வேணாம். சிவப்பு ராஜ்மாவ மட்டும் அப்படி செய்யவே கூடாது. பச்ச ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சுப் பொருள் நெறைய இருக்கு, நாலஞ்சு கொட்டைங்க சரியா வேகாம உள்ள போனாலே சில மணி நேரத்துல வாந்தி, பேதி எடுக்க ஆரம்பிச்சிடும். நல்லா கொதிக்கற தண்ணில போட்டாதான் அது அழியும். ஸ்லோ குக்கர் மிதமான சூட்டுலயே நிக்கறதால அந்த அளவுக்குப் போகாம போயிடலாம், கொட்டை மெதுவாகி வெந்த மாதிரி தெரியும், உள்ள நச்சு அப்படியே இருக்கும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி சாதா அடுப்புல 30 நிமிசம் தளதளன்னு கொதிக்க விடுங்க, அதுக்கப்பறம் எங்க வேணா போடுங்க. ஹாஸ்டல்ல அடுப்பே இல்லன்னா ராஜ்மாவ விட்டுட்டு மைசூர் பருப்பு வாங்கிக்கோங்க, அதுக்கு இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. இல்லைனா டின்ல வர்றது, அது நல்லா வெந்தது, கழுவி போட்டுக்கலாம்.

புதுசா_சமைக்கிறேன்

நல்லவேளை கேட்டேன் 🙏 மைசூர் பருப்பே போதும்.

அவிநாசி_ரோடு

நம்மூர்க்காரங்க கேள்வி, கொள்ளு இருக்குன்னு வேற சொல்லிருக்கீங்க, யாருமே அதப்பத்தி பேசலீங்களே! கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லி வச்சுட்டாங்க, அதனால அது ஏதோ டயட் சாமான்னு ஆயிப்போச்சு. சளிக்கு எங்கூட்ல எப்பவும் கொள்ளுத்தண்ணிதானுங்க. ஒரு கைப்பிடி கொள்ள வாணலில வெடிக்கற வரைக்கும் வறுத்து, ராத்திரி ஊறப் போட்டு, காலைல வேகவச்சீங்கன்னா அந்தத் தண்ணி நல்லா சிவப்பா கெட்டியா வரும். அத எலும்புத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து பாருங்க, மிளகு சீரகம் பூண்டு நசுக்கிப் போட்டு. வெந்த கொள்ள வீணாக்காதீங்க, வரமொளகா, பூண்டு, மல்லி வச்சு கடஞ்சா சோத்துக்கு ஆச்சு. ஆனா ஒண்ணு, கொள்ளு சீக்கிரம் வேகாது, எலும்போட ஒரே நேரத்துல போட்டு ரெண்டும் ஒண்ணா வெந்துரும்னு நெனைக்காதீங்க, தனியாத்தான் வைக்கணும். பழைய கொள்ளா இருந்தா இன்னும் மோசம், வருசக்கணக்கா டப்பால கெடந்த பயறு எதுவா இருந்தாலும் எத்தன விசில் விட்டாலும் கல்லாத்தான் இருக்கும். எங்க போர் தண்ணி மாதிரி உப்புத்தண்ணியா இருந்தாலும் பயறு வேக மாட்டேங்குது, குடிக்கற தண்ணில வேகவைங்க.

எங்க அப்பாரு சொரைக்கா, கேரட்டுன்னு சூப்புல காய் போட்டா தொடவே மாட்டாரு, அதனால எங்கூட்ல எலும்பு, கொள்ளு, மிளகு அவ்வளவுதான். உங்க இஷ்டம்.

சட்டிபானை_திருப்பூர்

கொள்ளு இன்னைக்கு ஊறப் போடாததால அடுத்த தடவைக்கு வச்சுக்கறேனுங்க. நாகூர் அக்கா சொன்ன மாதிரியே வச்சாச்சு, சொரைக்கா இல்ல, ரெண்டு முருங்கக்காய வேகவச்சு சதைய மட்டும் வழிச்சுப் போட்டேன், நல்லா சேந்துக்கிச்சு. குழம்ப ஊத்தலீங்க, வைகைக்கரை அண்ணா மன்னிக்கணும், அது மத்தியானமே இட்லிக்குப் போயிடுச்சு. பாப்பா அரைக் கிண்ணம் குடிச்சா, கடலைய மட்டும் ஒண்ணொண்ணா எடுத்து தட்டுல அடுக்கி வச்சுட்டா. அம்மாயி ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு விசம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இன்னும் ஒரு பாத்திரம் இருக்கு, நாளைக்கு யாரும் வீட்ல இல்ல. ஃப்ரீசர்ல வைக்கலாமா? கறியோடயேவா?

நாகூர்_அடுப்பு

தாராளமா வைக்கலாம்மா. சூடு ஆறட்டும்னு பெரிய பாத்திரத்தோட ராத்திரி பூரா வெளிய விட்டுடாதீங்க, ரெண்டு மூணு சின்ன டப்பாவுல பிரிச்சு, டப்பாவ ஒரு தட்டுல பச்சத்தண்ணி ஊத்தி அதுல வச்சா சீக்கிரம் ஆறிடும். டப்பா வாய் வரைக்கும் ஊத்தாதீங்க, உறையும்போது உப்பி மூடி தெறிச்சிடும், ஒரு விரக்கட எடம் விடுங்க. கறியோட வச்சாலும் ஒண்ணும் ஆகாது. புதினா மல்லி போட்டது கருத்துப்போகும், அடுத்த தடவ வைக்கறதுக்குன்னு எடுக்கறப்ப தழை போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

லேப்கோட்டு

ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ருசி போகாம இருக்கும், டப்பா மேல தேதி எழுதிடுங்க. எடுக்கும்போது முந்தின நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து கீழ் தட்டுக்கு மாத்துங்க, மேசைல வச்சு கரைய விடாதீங்க. அவசரம்னா உறைஞ்ச கட்டிய அப்படியே சட்டில போட்டு அரை தம்ளர் தண்ணி விட்டு சிறுதீயில வச்சுக்கலாம், பருப்பு இருக்கறதால அடி பிடிக்கும், கிண்டிக்கிட்டே இருங்க.

வைகைக்கரை

இட்லிக்குப் போச்சா? அப்ப சரி, நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு.